ஐந்து மாதம் விலைபோகாத வீடு

வீட்டை விற்பனைக்கு விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. பார்த்துப் போனவர்கள் 14 பேர். அதில் ஒன்பது பேர் முதல் மாதத்திலேயே வந்துவிட்டார்கள். பிறகு மாதத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். எல்லோரும் "நல்ல வீடு" என்றார்கள். ஒருவர்கூடத் திரும்ப அழைக்கவில்லை. சந்தை மந்தமாக இருக்கிறது, கடன் வட்டி அதிகம், வாங்குகிறவர்கள் தயங்குகிறார்கள் என்று தரகர் சொன்னதை நாங்களும் வருவோர் போவோரிடமெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தோம். பழியைப் போட ஓர் இடம் கிடைத்துவிட்டால் மனம் எவ்வளவு லேசாகிவிடுகிறது!

பதினான்காவதாக வந்த அம்மாள் படுக்கையறைக்குள் நுழையும்போது தோள்பையை முன்பக்கம் இழுத்துக்கொண்டு, ஒருக்களித்து உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் நாங்கள் வைத்திருந்த அலமாரி கதவை முக்கால்வாசிதான் திறக்கவிடும். ஒன்பது ஆண்டுகளாக நாங்களும் அப்படித்தான் ஒருக்களித்துப் போய்வந்திருக்கிறோம். அன்றுதான் அது எனக்கு உறைத்தது. அரை நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "அறை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது" என்றார். அது வீட்டிலேயே பெரிய அறை.

அந்த வாரக் கடைசியில் அக்காவை வரவழைத்தேன். முகதாட்சண்யம் பார்க்காமல் பேசுகிறவள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். செருப்பைக் கழற்றும்போதே, "நாய் வாடை அடிக்கிறது" என்றாள். எங்கள் நாய் செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரே வாடையில் இருந்துகொண்டே இருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்று படித்திருக்கிறேன். ஆனால் சொந்த வீட்டில் நடக்கும்போது அதுவே தெரிவதில்லை. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் வாசனைத் திரவத்தை வேறு வீடெங்கும் அடித்துவைப்போம். இரண்டும் கலந்து என்ன மணம் வந்திருக்குமோ! சோபா உறைகளைத் துவைத்தோம். மெத்தைகளில் சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டுவைத்து, காலையில் வேக்வம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தோம். கூடத்து விரிப்பைத் தூக்கிப் போட்டோம். அதன் பிறகு வாசனைத் திரவம் தேவைப்படவில்லை.

வீட்டை இப்படி விற்பனைக்கு ஒப்பனை செய்துகொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஹோம் ஸ்டேஜிங் என்கிறார்கள். மேஜை, நாற்காலி, சுவர்ப்படம் எல்லாம் வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். விற்குமோ விற்காதோ என்று இருக்கும்போது அந்தச் செலவுக்குக் கை வரவில்லை. நாங்களே இறங்கினோம்.

முதல் வேலை, வேண்டாத சாமான்களைக் கழிப்பது. மூன்று வாரக் கடைசிகளில் 31 பெட்டிகள் கட்டினோம். அலமாரிகளைப் பாதி காலியாக வைக்கச் சொன்னாள் அக்கா. வருகிறவர்கள் கட்டாயம் கதவைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே பிதுங்கிக்கொண்டிருந்தால் இந்த வீட்டில் சாமான் வைக்க இடம் போதாது என்றுதான் தோன்றும். குடும்பப் படங்களைச் சுவரிலிருந்து எடுப்பதில் மனைவிக்கும் எனக்கும் சண்டையே வந்துவிட்டது. கடைசியில் எடுத்தோம். சுவரில் வெளிறிய சதுரங்கள் தெரிந்ததால் அந்தச் சுவர் முழுவதற்கும் வண்ணம் அடிக்க வேண்டியதாயிற்று.

உற்சாக மிகுதியில் சின்ன அறையைத் துடைத்துவிட்டாற்போல் காலி செய்தேன். காலியாக இருந்தால் பெரிதாகத் தெரியும் என்பது என் கணக்கு. நடந்தது நேர்மாறு. அளவு பார்க்கக் கண்ணுக்கு எதுவும் இல்லாததால் அறை டப்பாபோல் சுருங்கிவிட்டது. ஒற்றைக் கட்டிலையும், அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன மேஜையையும் போட்ட பிறகுதான், கட்டில் போட்டும் நடக்க இடம் இருக்கிறது என்பது தெரிந்தது. கூடத்தில் சுவரோடு ஒட்டிக் கிடந்த சோபாவை ஒரு சாண் முன்னால் இழுத்ததற்கும் இதே பலன்.

விளக்கு விஷயம் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒரே கூடத்தில் மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பும், நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும் 6500 கெல்வின் பல்பும் எரிந்துகொண்டிருந்தன. படத்தில் ஒரு சுவருக்கு மஞ்சள் காமாலை, எதிர்ச் சுவர் பிணநீலம். எல்லாவற்றையும் 3000க்கு மாற்றினோம்.

குழாய்களில் படிந்திருந்த உப்புக் கறைக்கு வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்தேன். தேய்க்காமலே கழன்று வந்தது. அந்தத் தைரியத்தில் ஜன்னலடிப் பளிங்குக் கல்லிலும் ஊற்றிவிட்டேன். கறையும் சுண்ணாம்புச் சத்து, பளிங்கும் சுண்ணாம்புச் சத்து. புளிப்புக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போய்விட்டது. அங்கே ஒரு பூந்தொட்டியை வைத்தேன்.

ஆனால் குளியலறையை ஒட்டிய சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்ததே, அதை மறைக்க மனைவி விடவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்த அலமாரியை அங்கே நிறுத்திவிடலாம் என்றேன். "அவர்கள் அதை நகர்த்துகிற அன்றைக்கு நம்மை என்னவென்று நினைப்பார்கள்?" என்று கேட்டாள். குழாய்ப் பொருத்தில் கசிவு. சரிசெய்து, சுவர் காய நான்கு வாரம் காத்திருந்து, பிறகுதான் வண்ணம் அடித்தோம். ஈரத்தின் மேல் அடித்திருந்தால் கொப்புளித்துக் காட்டிக்கொடுத்திருக்கும். வேலைக்கான ரசீதைப் பத்திரப்படுத்தினேன்.

விற்பனைக்குக் காட்டும் படங்களை முதலிலிருந்து எடுத்தோம். காலை வெளிச்சத்தில், திரைச்சீலைகளை விலக்கி, மார்பு உயரத்தில் கேமராவை வைத்து. பழைய படங்களைத் தரகரின் உதவியாளர் ஏதோ ஒரு மாலையில் நின்றவாக்கில் எடுத்திருந்தார். ஒன்றில் கழிப்பறை மூடி திறந்தே கிடந்தது. ஐந்து மாதம் அதைத்தான் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். விலையையும் கொஞ்சம் இறக்கினோம். அதனால் எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படி ஒப்பனை செய்த வீட்டில் குடியிருப்பது தண்டனை. தினமும் காலையில் துண்டு, டூத் பிரஷ், செருப்பு என்று எல்லாவற்றையும் ஒளித்துவைத்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். ஆறு வாரத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். அதில் இருவர் இரண்டாம் முறை அளவு நாடாவோடு வந்தார்கள். ஒருவர் ஈரச் சுவரைப் பற்றிக் கேட்கும் முன்பே ரசீதை நீட்டினேன். கையில் வாங்கி நிதானமாகப் படித்தார். பூந்தொட்டியையும் நகர்த்திக் காட்டினேன். அவர்தான் வாங்கினார்.

ஒப்பந்தம் எழுதும்போது, விளக்குகள், திரைச்சீலைக் கம்பிகள் எல்லாம் சேர்த்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், சின்ன அறையில் இருந்த மேஜையும் சேர்த்துத்தானே என்றார். படத்தில் பார்த்ததிலிருந்தே அவர் மனைவிக்கு அதன்மேல் கண்ணாம். வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"விற்கிறது உன் வீடா, என் மேஜையா?" என்றாள்.