ஒளிவட்டம் இல்லாத கலங்கள்

காலை எட்டரைக்கு முதல் தட்டு என் மேசைக்கு வந்துவிடும். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் பாப் ஸ்மியர் ஸ்லைட் பார்ப்பது என் வேலை. அதாவது, கருப்பைக் கழுத்திலிருந்து வழித்தெடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிய கலங்களில் (செல்களில்) புற்றுநோயின் அறிகுறி தேடுவது. ஒரு ஸ்லைடில் எட்டாயிரம் கலமாவது இருந்தால்தான் அது பார்க்கத் தகுந்தது. வயல் உழுகிற மாதிரி, ஒரு சால் போய் அடுத்த சாலில் திரும்பி, ஒரு மூலையும் விடாமல் பார்க்க வேண்டும். பிசகாக ஏதும் கண்ணில் பட்டால் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி.

சேர்ந்த புதிதில் நான் மயங்கிக் கிடந்தது கொய்லோசைட்டில். மனித பப்பிலோமா வைரஸ், அதாவது எச்.பி.வி, குடியேறிய கலம் அது. கலத்தின் கரு (நியூக்ளியஸ்) உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கியிருக்கும். அதைச் சுற்றி யாரோ கத்தரித்து எடுத்தாற்போல ஒரு வெள்ளை வட்டம். சாமிப் படத்து ஒளிவட்டம் மாதிரியே இருக்கும். சிலவற்றில் இரண்டு கரு. ஒரு நாள் அப்படி நிறையக் கிடைத்த ஸ்லைடைப் புள்ளியால் நிரப்பி, புற்றுநோயையே பிடித்துவிட்டவள்போல மூத்தவரிடம் ஓடினேன். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த சிங்கள அக்கா. பிளேன்ரீயைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தார். “நங்கி, இது அநேகமாகத் தானாகப் போகும். திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லி எழுதுவம்” என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அவர் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது. கருப்பைக் கழுத்தில் இரண்டு வகைத் தோல் சந்திக்கிற ஓரிடம் உண்டு. அங்கே விழுகிற சிறு கீறல் வழியே வைரஸ் அடித்தளக் கலத்துக்குள் போகிறது. தன்னைப் பெருக்கிக்கொள்ளும் கருவி அதனிடம் இல்லை. பிரிகிற கலத்தின் கருவியைத்தான் இரவல் வாங்க வேண்டும். கலமோ மேலே ஏற ஏறப் பிரிவதை நிறுத்திவிடும். அதனால் வைரஸ் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஈ7 கலத்தின் பிரேக்கான ஆர்பி புரதத்தைக் கட்டிப்போடும். பழுதான கலத்தைச் சாகச் சொல்கிற பி53 புரதத்தை ஈ6 அழித்துவிடும். கொய்லோசைட் வரைக்கும் இது வைரஸின் ஒழுங்கான குடித்தனம்தான். புது வைரஸ்கள் உருவாகும், மேற்பரப்புக் கலம் எப்படியும் உதிர்ந்துவிடும். பெரும்பாலான பெண்களின் உடம்பு இரண்டு வருடத்துக்குள் தொற்றை அடக்கிவிடுகிறது.

சிலரில், முக்கியமாக எச்.பி.வி 16, 18 ஆகிய வகைகளில், தொற்று விடாமல் இருந்துவிடும். வைரஸின் மரபணு உடைந்து மனித நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) ஒட்டிக்கொண்டால், ஈ6, ஈ7-க்குக் கடிவாளம் போடும் ஈ2 என்ற புரதம் பெரும்பாலும் தொலைந்துபோகும். அப்புறம் புது வைரஸும் இல்லை, ஒளிவட்டமும் இல்லை. முதிராமலே பிரிகிற சின்னக் கலங்கள்தான். உடம்பெல்லாம் கருவாக, கருவின் விளிம்பு கோணலாக இருக்கும். உலகத்தில் வருகிற கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 வீதம் இந்த இரண்டு வகையால்தான்.

அந்தச் சின்னக் கலங்களை நானே ஒரு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். போயா விடுமுறைக்கு முதல் நாள் பின்னேரம். சளிக்குள் ஏழெட்டுக் கலம் வரிசையாக நின்றன. அழற்சிக் கலம் என்று நினைத்து, சரி என்று எழுதிவிட்டேன். மீள்பார்வையில் இன்னொருத்தி புள்ளி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். பார்த்த உடனேயே தெரிந்தது, வயிறு கலங்கியது. நல்ல வேளை, அறிக்கை இன்னும் வெளியே போகவில்லை. திசுப் பரிசோதனையில் சிஐஎன் 3, புற்றுநோய்க்கு முந்தின முற்றிய நிலை. புற்றுநோயாக மாறுமுன் மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுத்தார்களாம். அன்றிலிருந்து விடுமுறைக்கு முந்தின பின்னேரங்களில் நான் புது ஸ்லைட் தொடுவதில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டு அன்ரி ஒரு நாள் எச்.பி.வி என்று எழுதிய அறிக்கையோடு வந்தார். அவர் கேட்டது புற்றுநோயைப் பற்றி இல்லை. “பிள்ளை, இது அவரிட்ட இருந்து வந்ததோ? அவர் வேற எங்கயும்...” என்று நிறுத்திவிட்டார். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று ஸ்லைட் சொல்லாது என்றேன். உடலுறவு உள்ள அநேகம் பேருக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது தொற்றுகிற வைரஸ் இது. வருடக்கணக்கில் பேசாமல் கிடக்கும். புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் எடுக்கும். அன்ரி நம்பினாரா தெரியாது. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பெண்கள் 35 வயதில் இலவசமாக ஸ்மியர் பார்க்கிற சுவநாரி கிளினிக் பக்கம் போகாமல் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நோயைவிட வீட்டுச் சண்டைக்குத்தான் பயம்.

இலங்கையில் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி 2017 முதல் பாடசாலையிலேயே போடப்படுகிறது. தொடங்கியபோது ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. என் மகளுக்கும் போட்டார்கள். “அம்மா, வைரஸையா உள்ளுக்கு விட்டவை?” என்று கேட்டாள்.

“இல்லை. அதின்ர ஓடு மட்டும். உள்ளுக்கு ஒண்டும் இல்லை.”

“வெறும் ஓட்டுக்கு ஏன் இவ்வளவு நோகுது?” என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.