கணையத்தில் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால்: இரண்டாவது டாக்டரிடம் எதைக் கொண்டுபோவது

"கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, புற்றாக இருக்கலாம்" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்துவிட்டால், வீட்டில் எல்லோரும் கேட்பது எந்த டாக்டரிடம் போவது என்பதைத்தான். அவரிடம் எதைக் கொடுக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். படமும் திசுவும் சரியாக இல்லையென்றால் எவ்வளவு கைதேர்ந்த டாக்டராலும் ஊகிக்கத்தான் முடியும்.

முதலில் படம். வயிற்றுக்கு எடுக்கும் வழக்கமான சிடி இதற்குப் போதாது. கணையத்துக்கென்று தனி முறை உண்டு. சீட்டில் 'பான்கிரியாஸ் ப்ரோட்டோகால்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கையில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியபின் 40 முதல் 50 நொடிக்குள் ஒருமுறையும், 70 நொடி வாக்கில் மறுமுறையும் படம் எடுப்பார்கள். முதல் கட்டத்தில் நல்ல கணையம் பளிச்சென்று தெரியும், கட்டி மங்கலாக நிற்கும். இரண்டாவதில் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயும் கல்லீரலில் பரவியிருக்கிறதா என்பதும் தெளிவாகும். படத்துண்டுகள் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. குடிக்க வெள்ளை மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் கொடுப்பதே நல்லது. வெள்ளை மருந்து முன்சிறுகுடலில் நின்றுகொண்டு அதை ஒட்டிய கணையத் தலையை மறைத்துவிடும். கான்ட்ராஸ்ட் ஏற்றுமுன் சிறுநீரகம் சரியா என்று பார்க்கும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்து வைத்தால் அலைச்சல் மிச்சம்.

கணையத் தலையில் உள்ள கட்டி பித்தக்குழாயை அடைத்தால் காமாலை வரும்; அடைப்பைத் திறக்க உள்ளே வைக்கும் சிறு குழாய்தான் ஸ்டென்ட். இந்த சிடியை ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இங்கேதான் பலருக்குக் காரியம் கெட்டுப்போகிறது. காமாலை கண்டதும் அவசரமாக ஈஆர்சிபி (வாய்வழி எண்டோஸ்கோப்பை விட்டுப் பித்தக்குழாய்க்குள் செய்யும் சிகிச்சை) செய்து ஸ்டென்ட் வைத்துவிடுகிறார்கள். பிறகு எடுக்கும் சிடியில் ஸ்டென்டின் கீற்றுகள் கட்டியின் ஓரத்தை மறைக்கும். ஈஆர்சிபியால் கணையம் வீங்கியிருந்தால் எது வீக்கம், எது கட்டி என்று பிரிப்பதே கடினம். அறுவை சிகிச்சைக்கு நேரடியாகப் போகக்கூடியவர் எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவையும் இல்லை. நெதர்லாந்தில் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், பிலிருபின் (காமாலையின் அளவைக் காட்டும் ரத்த எண்) ஏறக்குறைய 2.3 முதல் 14.6 மி.கி./டெ.லி. வரை இருந்தவர்களில் முதலில் ஸ்டென்ட் வைத்த பிரிவில் 74 சதவீதம் பேருக்குக் கடும் சிக்கல்கள் வந்தன. நேராக அறுவைக்குப் போன பிரிவில் 39 சதவீதம். அதில் பயன்பட்டவை பிளாஸ்டிக் ஸ்டென்ட்கள். காய்ச்சலோடு நடுக்கம், மிக அதிகமான பிலிருபின், அறுவைக்கு முன் கீமோ தர வேண்டிய நிலை இவற்றில் ஸ்டென்ட் அவசியம்தான். ஆகவே "எனக்கு எதற்காக வைக்கிறீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

அடுத்து சிஏ 19-9. கணையப் புற்றில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு பொருளின் அளவு இது. 37-க்குள் இருந்தால் இயல்பு என்று ரிப்போர்ட் சொல்லும். பித்தம் அடைத்து நிற்கும்போது புற்று இல்லாமலேயே இந்த எண் நூற்றுக்கணக்கில் ஏறலாம். பிலிருபின் இறங்கியபின் திரும்பப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். இன்னொரு பக்கம், பிறப்பிலேயே இந்தப் பொருளைச் சுரக்காதவர்கள் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர். புற்று இருந்தும் அவர்களுக்கு எண் ஏறாது. இந்த ஒரு எண்ணை வைத்து நடுங்கவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

கணையத்தில் கட்டிபோலத் தெரிவதெல்லாம் ஒரே நோயும் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கற்களோடு கூடிய நாள்பட்ட கணைய அழற்சி பரவலாக உண்டு. அதுவே வீங்கிக் கட்டிபோல நிற்கும். அதே அழற்சியின் மேல் புற்றும் வரலாம் என்பதால் "பழைய நோய்தான்" என்று விட்டுவிடவும் முடியாது. கணையக் காசநோய் அரிதானாலும் நம் நாட்டில் மறந்துவிடக் கூடாதது. தன்னுடல் தாக்கு அழற்சியில் ஐஜிஜி4 ரத்தப் பரிசோதனை உதவும். ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டு வாரத்தில் சுருங்கத் தொடங்கும், ஆனால் பயாப்ஸியில் புற்று இல்லை என்று பார்த்தபின்தான் அந்தச் சோதனை. ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி வேறு வகை, வேறு சிகிச்சை. 2003-ல் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கண்டுபிடித்தது அதைத்தான். பெட் ஸ்கேன் இவற்றைப் பிரித்துவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அழற்சியும் காசநோயும்கூட பெட்டில் ஒளிரும்.

பிரித்துச் சொல்வது எண்டோஸ்கோப் வழியாக அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியில் எடுக்கும் திசுதான். அதில் 'புற்றணுக்கள் இல்லை' என்று வந்தால், கட்டியைச் சுற்றிய நார்த்திசுவில் ஊசி பட்டிருக்கவும் கூடும். படம் சந்தேகமாகவே இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். கீமோவுக்கு முன் திசு முடிவு கட்டாயம். எடுக்கக்கூடிய கட்டி என்று படத்தில் உறுதியாகத் தெரிந்தால், பயாப்ஸி இல்லாமலே அறுவைக்குப் போவது முறையான வழிதான்.

அறுவை செய்யலாமா என்பது கட்டியின் அளவைவிட, குடலுக்குப் போகும் பெரிய தமனியை அது எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாதிச் சுற்றுக்குள், அதாவது 180 டிகிரிக்குள் தொட்டிருந்தால் எல்லைக்கோட்டு நிலை. பெரும்பாலும் கீமோ கொடுத்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். "எடுக்க முடியாது" என்று ஓர் இடத்தில் சொன்னால், எந்த ரத்தக்குழாய், எத்தனை டிகிரி என்று எழுதி வாங்குங்கள். கணையத் தலையை அகற்றும் விப்பிள் அறுவையை ஆண்டுக்கு இருபதுக்கு மேல் செய்யும் இடமா என்றும் கேளுங்கள். மும்பை டாட்டா மெமோரியல், வேலூர் சிஎம்சி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களில் அறுவை, கீமோ, கதிரியக்க டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் டியூமர் போர்டு இருக்கிறதென்றால், உங்கள் கேஸ் அங்கே வைக்கப்படுமா என்று கேட்பது உங்கள் உரிமை.

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சிடி ஸ்கேனின் முழுப் படங்களான டைகாம் கோப்புகள் உள்ள வட்டு, பயாப்ஸி ஸ்லைடுகள், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியான பாரஃபின் பிளாக் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று ஃபைலை மட்டும் கொண்டுபோவது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் நடை, எடை, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் இவற்றைப் பார்க்காமல் யாரும் அறுவை பற்றி முடிவு சொல்ல முடியாது. அவரையும் அழைத்துப் போங்கள்.

இதற்கெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அந்த இடைவெளியில் கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்த வேண்டாம். குழாய் அடைத்து வரும் காமாலை அதற்கு இறங்காது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது பித்தக்குழாய்த் தொற்று, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, சாப்பிட்டும் எடை குறைந்தால், கணைய என்சைம் மாத்திரையை இப்போதே தொடங்கலாமா என்று கேளுங்கள். சாப்பாட்டுக்கு 50,000 யூனிட், சிற்றுண்டிக்கு 25,000 என்பது பொதுவான தொடக்க அளவு. முதல் கவளத்தோடு போட வேண்டும், நீண்ட சாப்பாடானால் பாதியை நடுவில். சாப்பிட்டு எழுந்தபின் போட்டால் சோற்றோடு கலக்காமல் வீணாகிவிடும்.