அந்த 8 எம்பி மெமரி கார்டு

அண்ணனும் நானும் ஒரே சோபாவில் முட்டி மோதிக்கொண்டு, டிவியில் இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் 2 கன்சோலில் ஆடியவர்கள். விளையாட்டு வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் விழும் என்று கற்றுக்கொடுத்தது அவன்தான். 15 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. கணினியில் ஆடுவதெல்லாம் இனி சிலரின் பழக்கம் என்றே அன்று நினைத்தேன்.

அப்புறம் அடுத்து வாங்கிய கன்சோலில் பழைய வட்டுகள் ஓடவில்லை. ஒரு அலமாரி நிறைய விளையாட்டு, ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக். உண்மையிலேயே வலித்தது.

என்னைக் கணினிக்கு இழுத்தது அந்த வலிதான். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் மென்பொருள் 2003-இல் வந்தது; தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் சொந்தக் கணினி விளையாட்டுகளைப் புதுப்பிக்கத்தான் பயன்பட்டது. பிறகு விளையாட்டுகளை விற்கும் பெரிய இணையக் கடையாகவே வளர்ந்தது. கணினியை மாற்றினாலும் வாங்கியவை கணக்கிலேயே இருக்கின்றன. திரையில் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை நானே பொருத்திய அன்று, அது 'கிளிக்' என்று உட்கார்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கன்சோலுக்கென்றே செய்த ஹொரைசன் ஜீரோ டான் விளையாட்டு 2020-இல் கணினிக்கு வந்தது. 2022-இல் காட் ஆஃப் வாரும் வந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை.

சரி, கன்சோலின் சுகம் வேறு. பட்டனைத் தட்டினால் ஆட்டம். கணினியின் பாகங்களை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள்களின் தொல்லை இல்லை. ஆனால் எனக்கு, சேர்த்தது நிலைக்க வேண்டும்.

அண்ணனின் மெமரி கார்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவன் பாதியில் விட்ட ஆட்டம் அதற்குள் அப்படியே இருக்கும்.