குன்னூரிலிருந்து பியானோ தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

குன்னூரில் பியானோ கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: எட்டாவது கிரேடு வரை கிளாசிக்கல் முடித்துவிட்டுத்தான் ஜாஸ் பக்கம் போக வேண்டுமா? ஆறாவது கிரேடில் நான் மூன்று மதிப்பெண்ணில் தோற்ற கதையைச் சொல்லாமல் அதற்கு விடை சொல்ல எனக்குத் தெரியாது.

லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இந்தக் கிரேடுத் தேர்வில் மொத்தம் 100 மதிப்பெண். மூன்று உருப்படிகளுக்குத் தலா 22, ஸ்கேல் முதலிய விரல் பயிற்சிகளுக்கு 14, துணைத் தேர்வுகள் இரண்டுக்கும் தலா 10 என்று அது பிரிகிறது. தேர்ச்சிக்கு 60 வேண்டும். உருப்படிகளில் 43, ஸ்கேலில் 8 வாங்கிய நான், முன்பின் பாராத தாளை அங்கேயே வாசிக்கும் சைட் ரீடிங்கில் 3, கேட்டுப் பதில் சொல்லும் ஆரலில் 3 என்று வாங்கி 57இல் நின்றேன். பத்து மாதம் அந்த மூன்று உருப்படிகளை மட்டுமே உருட்டிக்கொண்டிருந்தவனுக்கு அதற்குமேல் கிடைத்திருந்தால்தான் வியப்பு.

இத்தனைக்கும் நான் பதின்மூன்று வயதிலிருந்து ஞாயிறுதோறும் கிறிஸ்தவ ஆலயத்தில் கீபோர்டு வாசித்துவந்தவன். பாமாலைப் பாட்டுகளுக்குத் தாள் உண்டு, அச்சிட்ட சுருதியிலேயே போய்விடலாம். கீர்த்தனை அப்படியல்ல. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அன்றைக்குத் தொண்டை இடங்கொடுத்த சுருதியில் பல்லவியை எடுத்துவிடுவார்; சபை பின்தொடர்ந்துவிடும்; கீபோர்டில் இருப்பவன், அது ஈ ஃபிளாட்டா எஃப் ஷார்ப்பா என்று இரண்டாவது வரி முடிவதற்குள் பிடித்து, அதற்குரிய கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை, போட்டாக வேண்டும். வாரந்தோறும் நடந்த இந்தப் பயிற்சியை நான் படிப்பாகவே எண்ணவில்லை. தாளைப் பார்த்து வாசிப்பதுதான் படிப்பு, காதால் பிடிப்பது கோயில் வேலை என்று மனத்துக்குள் ஒரு சுவரை எழுப்பி வைத்திருந்தேன்.

அந்தச் சுவரை இடித்தவர் என் ஆசிரியை. "கீர்த்தனைக்கு நீ செய்வதைத்தான் ஜாஸ்காரர்கள் இரவெல்லாம் செய்கிறார்கள் தம்பி, அதைத் தேர்விலும் செய்யலாமே" என்றார். ஆறாவது கிரேடிலிருந்து சைட் ரீடிங் கட்டாயம். இன்னொரு துணைத் தேர்வாக ஆரலையோ, அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிக்கும் இம்ப்ரவைசேஷனையோ நாமே தேர்ந்துகொள்ளலாம். இம்ப்ரவைசேஷன் என்ற பெயரைக் கேட்டே மாணவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் ஒரு வகை, கார்டு வரிசை ஒன்றைக் கொடுத்து அதன்மேல் நாமே வாசிக்கச் சொல்வதுதான். கீர்த்தனைக்குப் பழகிய கைக்கு அது புதிதே அல்ல.

அடுத்த ஆண்டு முழுவதும் நான் அதிகம் உழைத்தது ஒரு சிறு நகர்வில். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற மூன்று கார்டுகள் ஜாஸில் திரும்பத் திரும்ப வரும். இடது கையில் ஒவ்வொரு கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் வைத்துப் பாருங்கள். முதலில் எஃப்பும் சியும். சி அரை ஸ்வரம் இறங்கிப் பி ஆனால், எஃப் அசையாமலே ஜி 7 வந்துவிடும். பிறகு எஃப் அரை ஸ்வரம் இறங்கி ஈ ஆனால், பி அசையாமலே சி மேஜர் 7. ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் நகர்கிறது. இதைப் பன்னிரண்டு சுருதிகளிலும், வாரம் ஒன்றாக, மெதுவாக வாசித்தேன். நான்காவது மாதத்தில் பாக் எழுதிய இன்வென்ஷன் என்னும் சிறு உருப்படிகளில் ஒன்றை எடுத்தபோது, இடது கை எங்கே போகப்போகிறது என்பது தாளில் கண் படுமுன்னே காதுக்குத் தெரிந்தது. ஹெர்பி ஹான்காக் 1952இல், பதினோரு வயதில், சிகாகோ சிம்பொனியுடன் மோட்சார்ட் கான்செர்டோ வாசித்தவர் என்பதை நான் அறிந்தது அதற்குப் பிறகுதான். ஜாஸ் மேதையாகப் பின்னாளில் அறியப்பட்ட அந்தக் கையிலும் முதலில் மோட்சார்ட்தான் இருந்தது.

சைட் ரீடிங்குக்குத் தனிப் புத்தகம் வாங்கக் கையில் காசில்லை. பாமாலையின் நான்கு குரல் தாள்களே போதுமானவையாக இருந்தன. நாளுக்கு ஒரு புதுப் பாட்டு, முதலில் கீழ்க்குரல் மட்டும், பிறகு நான்கும், தவறினாலும் நிறுத்தாமல். தேர்வறையில் வாசிப்பதற்கு முன் அரை நிமிடம் தருவார்கள். முதல் வரியையே அவசரமாகத் தட்டிப் பார்த்து அந்த நேரத்தைக் கரைத்துவிடாமல், சுருதிக் குறி, தாளக் குறி, நடுவில் வரும் ஷார்ப் ஃபிளாட்டுகள், முடியும் கார்டு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை உருப்படிகளில் 49, ஸ்கேலில் 10, சைட் ரீடிங்கில் 7, இம்ப்ரவைசேஷனில் 8. மொத்தம் 74, தேர்ச்சிக்கு அடுத்த தரமான மெரிட்டுக்கு 75 வேண்டும் என்பதை என் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பிற்பாடு எட்டாவது கிரேடையும் முடித்து, விடுதி ஒன்றில் மாலை வேளைகளில் வாசிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் தொடங்கினேன். சான்றிதழைப் பார்த்து எனக்கு வாசிக்க இடம் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. "அரை ஸ்வரம் இறக்கிக்கொள்ளுங்கள் சார்" என்று பாடகி மேடையில் திரும்பிச் சொன்ன அடுத்த நொடியில் இறக்க முடிந்ததால்தான் மறுபடி அழைத்தார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கென்று சில சொல்ல வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் வீடுகளில் ஈரம் இறங்கி, பியானோவின் மரம் உப்பிச் சுருதி விலகும், கட்டைகள் அழுத்திய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சுருதி கூட்டுபவரை அந்த மாதங்களில் அழைப்பது வீண். வெயில் நிலைத்தபின் தை மாதத்தில் அழையுங்கள். 61 கட்டைக் கீபோர்டில் மட்டும் பழகுகிறவர்கள், தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பாவது எடையுள்ள கட்டைகள் கொண்ட 88 கட்டைப் பியானோ எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, வாரம் ஒருமுறையேனும் வாசித்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் உருப்படியிலேயே கை ஓய்ந்துவிடும். கோயம்புத்தூரில் தேர்வென்றால் காலைப் பேருந்தை நம்பாமல் முந்தைய நாளே இறங்கிவிடுவது நல்லது. குளிரில் விறைத்துப் பழகிய விரல்கள் சமவெளியில் வியர்த்துக் கட்டைமேல் வழுக்கும், அதற்குப் பழக ஓர் இரவாவது வேண்டும். முதல் முறை நான் மேட்டுப்பாளையத்தில் பேருந்து மாறி, நேராகத் தேர்வறைக்குள் போய் உட்கார்ந்தவன்.