கால்நடை மருத்துவமனையில் மனிதனின் மதிப்பு

மனிதன் விலங்கைவிட மேலானவன் என்பதை ஞாயிறு பள்ளியிலும் பிரசங்கங்களிலும் கேட்டு வளர்ந்தவன் நான். அப்போது அதில் கேள்வி கேட்க எதுவும் இருப்பதாகத் தோன்றியதில்லை. கால்நடை மருத்துவனான பிறகு அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. காலையில் ஒருவர் வந்து, "மாடுதானே டாக்டர், அதற்கு இவ்வளவு செலவு எதற்கு?" என்பார். அவருக்கு அடுத்து நிற்பவர் நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இதைப்போல என்னிடம் உண்மையாக இருந்த மனிதர் ஒருவருமில்லை" என்று கலங்குவார். இருவருக்கும் நான் மருத்துவனாகவும் கிறிஸ்தவனாகவும் ஒரே மனதோடு பதில் சொல்லவேண்டும். அந்தப் பதிலை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் இத்தனை காலமும் யோசித்து வந்திருக்கிறேன்.

விலங்குகளுக்கு உணர்வில்லை, அவை இயந்திரங்களைப் போன்றவை என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த்தின் வழியில் சிந்தித்தவர்கள் வாதிட்டார்கள். ஒரு பிரசவத்துக்கேனும் தொழுவத்தில் உடனிருந்த எவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கன்று மாறிக் கிடக்கும்போது தோள்வரை உறை அணிந்த கையை உள்ளே செலுத்தி, மடங்கிய முன்னங்காலைத் தேடிப் பிடித்து, குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாதபடி அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெல்ல நிமிர்த்துவோம். வலி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பசுவின் உடல் நம் கையை மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கும். கன்றின் வாய்க்குள் விரலை வைத்தால், உயிரோடிருக்கும் கன்று அதைச் சப்பும். வெளியே வந்து வைக்கோலில் விழுந்த கன்றை, இவ்வளவு நேரம் எழக்கூட முடியாமல் கிடந்த தாய் திரும்பி நக்கத் தொடங்கும்போது, அங்கே நடப்பது வெறும் இயக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வலியும் அச்சமும் பற்றும் விலங்குகளுக்கு உண்டு. இதை ஒளித்துவைத்துத்தான் மனிதனின் மேன்மையை நிலைநாட்ட முடியும் என்றால், அந்த மேன்மை நிலைக்கத்தக்கது அன்று.

எனவே, திறமையை அளவுகோலாகக் கொள்ளும் வாதத்தை நான் கைவிட்டேன். மனிதன் சிந்திக்கிறான், பேசுகிறான், எதிர்காலத்தைத் திட்டமிடுகிறான், ஆகையால் உயர்ந்தவன் என்று சொல்வது எளிது. ஆனால் 1975இல் வெளிவந்த தம் நூலில் மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் சுட்டிக்காட்டியதுபோல, அந்த அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் எல்லா மனிதரும் அதில் தேறமாட்டார்கள். விலங்குகளின் வேதனை கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்று அவர் சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். திறமையை வைத்து உயிர்களை நிறுக்கத் தொடங்கினால், பிறந்த குழந்தையும் நினைவிழந்த முதியவரும் நலமான ஒரு நாய்க்குக் கீழே போய்விடுவார்களே என்ற இடத்தில்தான் நான் அவரைவிட்டுப் பிரிகிறேன்.

இது வெறும் தர்க்கத்துக்காகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு என்று எண்ணிவிட வேண்டாம். மறதி நோய் முற்றிய ஒரு பெரியவரையும் அவருடைய நாயையும் அவர் மகள் ஒன்றாக அழைத்து வருவது வழக்கம், வீட்டில் அவரைத் தனியே விட்டுவர முடியாததால். நாயின் காதில் புண்ணை நான் சுத்தம் செய்யும்போதெல்லாம் அது அவர் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். அவர் குரல் கேட்டால் வால் ஆடும். அவருக்கோ நாயின் பெயரும் தெரியாது, சில நாட்களில் மகளின் பெயரும் தெரியாது. ஒருமுறை, யாருடைய நாய் இது என்று என்னிடமே கேட்டார். அந்த அறையில் நினைவாற்றலும் அடையாளம் காணும் திறனும் நாயிடம்தான் அதிகமாக இருந்தன. ஆனாலும் அவருடைய சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, "அப்பா, இப்படி உட்காருங்கள்" என்று மகள் சொன்ன விதத்தில் இருந்த மரியாதையை நாயும் பெறவேண்டும் என்றோ, அவர் இனி அதற்குத் தகுதியற்றவர் என்றோ எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த மரியாதைக்கு அவருடைய திறமை காரணமில்லை என்றால், காரணம் வேறெங்கோ இருக்கவேண்டும்.

வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம் அந்தக் காரணத்தை மனிதனுக்கு வெளியே வைக்கிறது. காட்டு மிருகங்களும் நாட்டு மிருகங்களும் மனிதனும் ஒரே ஆறாம் நாளில் படைக்கப்படுகிறார்கள். மனிதன் வருமுன்பே தேவன் அந்த மிருகங்களைப் பார்த்து நல்லது என்று கண்டார். ஆகவே அவற்றின் நன்மை நம் பயன்பாட்டைப் பொறுத்ததன்று. மனிதனைப் பற்றி மட்டுமே, தேவசாயலில் படைக்கப்பட்டான் என்று சொல்லப்படுகிறது. ஏதேன் தோட்டத்தை இழந்து, பூமி கொடுமையால் நிறைந்து, வெள்ளம் வந்து வடிந்த பிறகும், மனித இரத்தம் சிந்தப்படக்கூடாது என்பதற்கு ஒன்பதாம் அதிகாரம் அதே சாயலைத்தான் காரணமாகச் சொல்கிறது. நல்லவனாக இருப்பதாலோ அறிவாளியாக இருப்பதாலோ சம்பாதித்த மதிப்பானால், அது வெள்ளத்துக்கு முன்பே அழிந்திருக்கும். அது கொடுக்கப்பட்டது, ஆகையால் நோயும் முதுமையும் குற்றமும்கூட அதைப் பறிக்க முடியாது. அதே அதிகாரத்தில், பேழையிலிருந்து வெளியே வந்த எல்லா உயிர்களோடும் தேவன் உடன்படிக்கை செய்கிறார் என்பதையும் நாம் விட்டுவிடக்கூடாது.

மோசேயின் சட்டம் இந்த வேறுபாட்டை நடைமுறையில் எப்படி வகுக்கிறது என்பதற்கு லேவியராகமம் 24ஆம் அதிகாரம் போதும். பிறருடைய மிருகத்தைக் கொன்றவன் பதிலுக்கு மிருகம் கொடுக்கவேண்டும். மனிதனைக் கொன்றவனுக்கு அப்படி ஈடுகட்டும் வழியில்லை. மிருகத்துக்குப் பதில் மிருகம் உண்டு, மனிதனுக்குப் பதில் மனிதன் இல்லை. கால்நடைத் துறையின் கொள்ளைநோய்த் தடுப்பு முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. நோய் கண்ட பண்ணைகளை ஒட்டியிருந்த பண்ணைகளின் நலமான ஆடுகளும் மாடுகளும் அவற்றில் அடங்கும். மனிதரிடையே தொற்று பரவும்போது பக்கத்துத் தெருவை அழித்துவிடலாம் என்று எவரும் வாய்திறப்பதில்லை. அங்கே மருத்துவமனைகளை விரிவுபடுத்துகிறோம். இந்த வேறுபாடு சரியானது என்றே நம்புகிறேன். ஆனால் கோமாரி மனிதரைக் கொல்லும் நோயன்று. அந்தக் கொலைக்குப் பெருமளவு காரணம் வணிகமே. மதிப்பில் குறைந்தது என்பது மதிப்பே இல்லாதது என்று எவ்வளவு விரைவில் மாறிவிடுகிறது என்பதை அந்த எண்ணிக்கையில் காண்கிறேன். அதை நினைக்கும்போது என் மனம் அமைதி அடைவதில்லை; அடையவும் கூடாது.

ரேபிஸ் விஷயத்தில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. மனிதருக்கு வரும் ரேபிஸ் பெரும்பாலும் நாய்க்கடியால் வருவது. அறிகுறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. குழந்தையைக் கடித்த நாய் நலமாக இருந்தால் அதைக் கட்டிவைத்துப் பத்து நாட்கள் கவனிப்போம். நோய்க்குறி வெளிப்பட்டுவிட்டால் அதைக் கொல்வதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அதையும் அடித்துக் கொல்ல நான் அனுமதித்ததில்லை. முதலில் மயக்க மருந்து, அதன் பிறகே மற்றது. "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான், துன்மார்க்கருடைய இரக்கமும் கொடுமையே" என்று நீதிமொழிகள் கூறுவது பால் கறக்கும் மாட்டுக்கு மட்டும் உரியதன்று.

விலங்குகளை ஆளும்படி மனிதனுக்குச் சொல்லப்பட்டதை அடக்குமுறைக்கான உரிமைச் சீட்டாகப் படிக்கிறவர்கள், அந்த வசனத்துக்கு அடுத்து வருவதைப் படிப்பதில்லை. அங்கே மனிதனுக்கும் மிருகத்துக்கும் பயிர்களும் கனிகளுமே உணவாகக் கொடுக்கப்படுகின்றன. இறைச்சிக்கு அனுமதி நோவாவின் காலத்தில்தான் வருகிறது. முதல் ஆளுகையில் கொல்லுதல் இல்லை. பிறகு வந்த கட்டளைகளும் மனிதனின் கையைக் கட்டுகின்றன: ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு, போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது, பகைவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் உதவி செய்யவேண்டும். இந்தக் கடைசிக் கட்டளையை நான் மிகவும் நேசிக்கிறேன். உரிமையாளன்மேல் உள்ள கோபத்தை விலங்கின்மேல் தீர்க்காதே என்பது இன்றும் எங்கள் பணியில் தேவைப்படும் அறிவுரை.

இயேசுவும் இந்த ஒப்பீட்டைச் செய்கிறார். ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் என்று மத்தேயுவும், இரண்டு காசுக்கு ஐந்து என்று லூக்காவும் எழுதுகிறார்கள். அதாவது மொத்தமாக வாங்குகிறவனுக்கு ஐந்தாவது குருவி இலவசம். சந்தையில் விலையே இல்லாத அந்தக் குருவியும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்று சொல்லிவிட்டே, "அநேகம் அடைக்கலான் குருவிகளைப்பார்க்கிலும் நீங்கள் விசேஷித்தவர்களாயிருக்கிறீர்கள்" என்கிறார். குருவி ஒன்றுமில்லாதது என்றால், அதைவிட மேலானவன் என்பதில் என்ன ஆறுதல்? ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைப் பற்றிப் பேசும்போதும் அவர் ஆட்டைக் குழியிலேயே விடச் சொல்லவில்லை. அதைத் தூக்கிவிடுவீர்கள் அல்லவா, அப்படியானால் மனிதன் எவ்வளவு மேலானவன் என்று கேட்டுச் சூம்பின கையை உடைய மனிதனைக் குணமாக்குகிறார்.

வரலாற்றிலும் இவ்விரண்டு அக்கறைகளும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. 1824இல் லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்குவதில் முன்நின்றவர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குரு. சங்கத்தின் கடன் சுமையால் அவர் சிறைக்கும் போனார். அடிமை வணிகத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ் அந்தச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். மனிதனின் மதிப்பை உயர்த்திப் பிடித்த கைகளே விலங்குக்காகவும் நீண்டன.

இனி, என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். தீராத வேதனையில் உள்ள நாயைத் துயில வைக்கும்போது, முதலில் மயக்க ஊசி போட்டு, அது தளர்ந்த பிறகு முன்னங்காலில் முடியை மழித்து, இரத்தநாளத்தில் பெண்டோபார்பிட்டல் என்ற, உயிரை முடிக்கும் மருந்தை ஏற்றுவோம். கண்கள் மூடாமலே இருக்கலாம், இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுத்ததுபோல் உடல் அசையலாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் அந்தக் காட்சி அவர்களை வருடக்கணக்கில் வாட்டும். எல்லாம் முடிந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்ததும் பலர் கேட்பார்கள்: "நாய்க்குக் கிடைக்கும் இந்த இரக்கம் என் அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் தாயின் கட்டிலருகே பல இரவுகள் விழித்திருந்தவர். அவருக்கு வேதவசனத்தை வீசிவிட்டுப் போகக்கூடாது. நான் நம்புவது இது. விலங்கின் உயிர் நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. நாம் அதற்குத் தேவனிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். தன் வேதனை ஏன் என்று அதற்குத் தெரியாது, அதைக் கடந்து எதையும் எதிர்நோக்கவும் இயலாது. அந்த நிலையில் வேதனையை முடித்துவைப்பது பொறுப்பாளன் செய்யும் கடமை. மனிதனின் உயிர் இன்னொரு மனிதனிடம் அப்படி ஒப்படைக்கப்படவில்லை. பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்தலாம், வலியைத் தணிக்க மருந்து தரலாம்; உயிரை எடுக்கும் அதிகாரம் மட்டும் நமக்கில்லை. அதற்காக மனிதனை வேதனையில் தனியே விட்டுவிட்டால் அது விசுவாசம் ஆகாது. செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்பு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண்மணி, 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்து, இறப்பவர்களின் உடல்வலியையும் மனவலியையும் சேர்த்துக் கவனிக்கும் முறைக்கு வித்திட்டார். "உங்கள் அம்மாவுக்கும் இரக்கம் உண்டு, அது ஊசியாக வராமல், கடைசிவரை உடனிருக்கும் ஆட்களாக வரவேண்டும்" என்பதே என் பதில். அந்த ஆட்கள் வராமல் போன வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பழி நம்மீது, திருச்சபையின்மீதும்கூட, விழுகிறது.

செல்லப் பிராணியைப் பரலோகத்தில் காண்போமா என்று சிறுவர்கள் கேட்பார்கள். வேதம் வெளிப்படையாகச் சொல்லாததை நான் வாக்களிப்பதில்லை. சிருஷ்டியும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார் என்பதையும், ஜான் வெஸ்லி 1781இல் வெளியிட்ட ஒரு பிரசங்கத்தில் விலங்குகளுக்கும் அந்த நம்பிக்கை உண்டு என்று வாதிட்டதையும் மட்டும் சொல்வேன்.

பணத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன். விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கு எதிரானது என்று சொல்லும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, மனிதரின் துயர்தீர்க்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று அதே பத்தியில் சொல்கிறது. இதை நான் உரிமையாளர்களுக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை. தாவீது அரசனுக்கு நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையில் ஏழையின் மடியில் மகளைப்போல் படுத்திருந்த ஆட்டுக்குட்டியை வேதம் எள்ளி நகையாடவில்லை. மருத்துவர்களாகிய எங்களுக்கே அது அதிகம் பொருந்தும். "நீங்கள் அதை உண்மையாக நேசித்தால் இந்தச் சிகிச்சையையும் செய்வீர்கள்" என்று குற்றவுணர்வைத் தூண்டி, பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்த பணத்தைப் பிடுங்குவது பாவம்.

விலங்குகளைக் கொண்டு செய்யும் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் குழுவிலும் பணியாற்றுகிறேன். மாற்று வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வேதனையைத் தணிக்க முடியுமா என்று 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற அறிவியலாளர்கள் முன்வைத்த மூன்று கேள்விகளே எங்கள் கையேடு. அண்மையில், குழந்தைகளுக்கு வரும் ஒரு நோய்க்கான மருந்தைச் சோதிக்கும் விண்ணப்பம் வந்தது. நோக்கம் நல்லது; ஆனால் கேட்ட எலிகளின் எண்ணிக்கைக்குக் கணக்குக் காட்டவில்லை, அறுவைக்குப் பின் வலிநிவாரணி பற்றி ஒரு வரியும் இல்லை. திருப்பி அனுப்பினோம். எண்ணிக்கையைக் குறைத்து, வலிநிவாரணியின் அளவையும் நேரத்தையும் குறித்து, வேதனை எல்லை மீறும் எலியை எந்தக் கட்டத்தில் ஆய்விலிருந்து விலக்குவார்கள் என்பதையும் எழுதி அவர்கள் மறுபடி கொண்டுவந்தபோது, அதை அனுமதிக்கலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான்.