பதினொன்றுக்கும் பத்துக்கும் நடுவில் நூறு

ஒரு பள்ளிக்கு மதிப்பெண் பட்டியல் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். முதல் தேர்வு முடிந்ததும் அங்கிருந்த எழுத்தர் தொலைபேசியில் அழைத்தார். “சார், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை அடியில் கிடக்கிறாள். பதினொன்று வாங்கியவனுக்கும் கீழே.”

திறந்து பார்த்தேன். 99 முதல் 90 வரை ஒழுங்காக இறங்கிய வரிசையில் அடுத்து 9 நின்றது. அதன் பிறகுதான் 89. நூறு, 11க்கும் 10க்கும் நடுவில்.

மதிப்பெண்கள் எண்களாக அல்லாமல் சரங்களாக, அதாவது வெறும் எழுத்துகளின் கோவையாக, சேமிக்கப்பட்டிருந்தன. சரங்களை ஒப்பிடும் நிரல் மதிப்பைப் பார்ப்பதில்லை. அகராதியில் சொல் தேடுவதுபோல இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கும். கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் வைத்திருக்கிறது; 9 என்ற எழுத்துக்கு 57, 1க்கு 49. முதல் எழுத்திலேயே தீர்ப்பு முடிந்துவிடும். பின்னால் எத்தனை பூச்சியங்கள் நின்றாலும் கேட்பார் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி இதில் ஒரு படி மேலே. அசல் எண்களையே கொடுத்தாலும், ஒப்பிடும் முறையை நாம் சொல்லாவிட்டால், சரமாக மாற்றித்தான் அடுக்கும்: 1, 10, 2.

சோதனையில் இது ஏன் அகப்படவில்லை? நான் கொடுத்த மாதிரி மதிப்பெண்கள் எல்லாம் 35க்கும் 98க்கும் இடைப்பட்டவை. எல்லாமே ஈரிலக்கம் என்றால் அகராதி வரிசையும் எண் வரிசையும் ஒன்றுதான். நூறு எடுப்பவரோ ஒன்பது எடுப்பவரோ என் வகுப்பில் இல்லவே இல்லை.

மதிப்பெண்ணை யாராவது சரமாக வைப்பார்களா என்று, எனக்கு முன்பு அட்டவணையை அமைத்தவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே, தரவைப் படிக்கும் இடத்திலேயே எண்ணாக மாற்றி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். நூறு மேலே ஏறியது. தொலைபேசி மறுபடியும் அடித்தது.

“அம்மை போட்டுத் தேர்வுக்கே வராத பிள்ளைக்குச் சைபர் போட்டிருக்கிறீர்கள், சார். அவளுடைய அம்மா இங்கே நிற்கிறார்.”

வராதவர்களின் கட்டத்தைச் சில ஆசிரியர்கள் வெறுமையாக விட்டிருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்டில் வெற்றுச் சரத்தை எண்ணாக்கினால் பூச்சியம். வேறு சிலர் ‘வரவில்லை’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள்; அது ‘எண் அல்ல’ என்ற விசித்திர மதிப்பாகி, எது பெரியது என்று பார்க்க எதைக் கழித்தாலும் அதுவாகவே நின்று, அக்கம்பக்கத்து வரிசையையும் குலைத்திருந்தது. நான் திட்டியவர் அந்தச் சொல்லுக்கு இடம் விடுவதற்காகவே சரத்தைத் தேர்ந்திருக்க வேண்டும். அவர் முறை அரைகுறைதான். ஆனால் தேர்வு எழுதிப் பூச்சியம் வாங்கியவனையும் எழுதவே வராதவளையும் அது பிரித்துக் காட்டியது. என் திருத்தம் இருவரையும் ஒன்றாக்கிவிட்டது.

அன்றிரவு அட்டவணையில் இரண்டு பத்திகள் வைத்தேன். ஒன்றில் மதிப்பெண், எண்ணாக மட்டும். மற்றொன்றில் வந்தாரா, இல்லையா. வராதவர்கள் பட்டியலின் கடைசியில், தரவரிசை எண் இல்லாமல். மாதிரித் தரவில் 100, 9, 0 மூன்றையும் சேர்த்தேன். கூடவே ஒரு வெறுங்கட்டத்தையும்.