எஸ்எஸ்49ஈ சென்சாரில் காஸ்மீட்டர்: சுருள் சுற்றி அளவு சரிபார்த்த அனுபவம்

காந்தப்புலத்தைக் காஸ் என்ற அலகில் அளக்கும் கருவிக்கு, புலத்துக்கு ஏற்ப வோல்டேஜ் தரும் எஸ்எஸ்49ஈ ஹால் சென்சாரும் நல்ல மல்டிமீட்டரும் போதும். ஆனால் தகவல் தாளில் உள்ள ‘காஸுக்கு 1.4 மில்லிவோல்ட்’ சராசரிதான். துண்டுக்குத் துண்டு 1.0 முதல் 1.75 வரை மாறலாம் என்று அதே தாள் சொல்கிறது. அதனால் உழைப்பில் பெரும்பங்கு, கணக்கிட்டுத் தெரிந்த புலத்தைத் தந்து சென்சாரைச் சரிபார்க்கும் கம்பிச் சுருளுக்கே போனது.

சர்க்யூட் எளிது. எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து 5 வோல்ட், கிரவுண்டு, வெளியீடு. மாற்றிக் கொடுத்தால் சென்சார் போய்விடும். செல்போன் சார்ஜரை நம்பக்கூடாது: வோல்டேஜ் ஏறி இறங்கினால் வெளியீடும் கூடவே ஏறி இறங்கும். 5 வோல்ட்டை நிலையாகத் தரும் 7805 ரெகுலேட்டர் போட்டு, சென்சார் காலடியிலேயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரை சாலிடர் செய்த பிறகுதான் எண் நின்றது.

சுருளுக்கு 32 மி.மீ. பிவிசி குழாய், 20 கேஜ் எனாமல் கம்பி. 20 செ.மீ. நீளத்துக்கு நெருக்கமாக 200 சுற்று, மேலே இன்னும் 200. இரண்டாம் அடுக்கு திரும்பி வரும்போதும் குழாய் அதே பக்கமாகத்தான் சுழல வேண்டும். திசை மாறினால் இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று அழித்துவிடும். செ.மீ.க்கு 20 சுற்று, 2 ஆம்பியர். இரண்டையும் பெருக்கி 1.257-ஆல் பெருக்கினால் 50.3 காஸ். குழாய் முடிவில்லா நீளமல்லவே, அதற்கான குறைவு போக நடுவில் 49.6.

சென்சார் காலை வளைத்து, முகம் குழாயின் அச்சைப் பார்க்கும்படி ஐஸ் குச்சியில் ஒட்டி நடுவில் வைக்க வேண்டும். 10 டிகிரி சாய்ந்தால் பிழை 1.5 சதவீதம்தான், 30 டிகிரியில் 13 ஆகிவிடும். பிறகு மின்னோட்டத்தை ஒரு பக்கமும் மறுபக்கமும் விட்டுப் படிக்க வேண்டும். 2.574, 2.435 வோல்ட் வந்தால் வித்தியாசம் 139 மில்லிவோல்ட், அதை இரு பக்கமும் சேர்ந்த 99.2 காஸால் (49.6-இன் இரு மடங்கு) வகுத்தால் காஸுக்கு 1.40. திசை திருப்புவதால் பூமியின் புலமும் பூஜ்யப் பிசகும் (புலம் இல்லாதபோது வரும் வெளியீட்டில் உள்ள விலகல்) தாமாகவே கழிந்துவிடும். இந்தப் படியை விட்டுவிடவே கூடாது.

அதிகம் ஏமாற்றுவது சூடு. சென்சாரை விரலால் பிடித்தாலே பூஜ்யம் சில காஸ் நகரும். சுருளும் 2 ஆம்பியரில் 4 வாட்டுக்கு மேல் சுடும், ஆகவே சட்டென்று படித்து நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 0.4 காஸ் உள்ள பூமியின் புலத்துக்கு இந்தக் கருவி ஆகாது. அதற்குச் சிறு புலங்களை அளக்கும் ஃப்ளக்ஸ்கேட் சென்சார் வேண்டும்.

மறுமுனையில், நியோடிமியம் காந்தத்தை ஒட்டி வைத்தால் வெளியீடு 4 வோல்ட் பக்கம் முட்டி நின்றுவிடும். 650 காஸுக்கு உள்ளே வரும்வரை விலக்கி வைத்து, அந்த இடைவெளியையும் அளவோடு சேர்த்துக் குறிக்க வேண்டும்.